ஒரே கிழங்கு, மூன்று பெயர்

எங்கள் சேந்தமங்கலம் பக்கம் சிலர் மருந்துக் கூர்க்கன் போடுகிறார்கள். ஊரில் அதைக் ‘கோலியஸ்’ என்றால்தான் தெரியும். நுனித்தண்டைக் கிள்ளிப் பாரில் நட்டால் ஐந்தாறு மாதத்தில் கிழங்கு எடுக்கலாம். ஒடித்து முகர்ந்தால் இஞ்சி வாசம் லேசாக வரும். வெட்டிக் காயவைத்து, ஒப்பந்தம் போட்ட கம்பெனிக்கு எடை போடுவார்கள். தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஒப்பந்தத் தாளை என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

ஒரு தாளில் ‘கோலியஸ் ஃபோர்ஸ்கோலி’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘பிளெக்ட்ராந்தஸ் பார்பேட்டஸ்’. இன்று தாவரவியலார் ஏற்றுக்கொண்ட பெயரோ ‘கோலியஸ் பார்பேட்டஸ்’. மூன்றும் குறிப்பது இந்தக் கிழங்கைத்தான். “வேற செடிய மாத்திக் குடுத்துட்டாங்களாங்க சார்?” என்று விவசாயி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பெயர் மாற்றம் வீண் வேலை இல்லை. துளசி, தும்பை, கற்பூரவள்ளி, மேல்நாட்டுச் சேஜ் எல்லாமே கூர்க்கனின் குடும்பம்தான். முன்பு பூவையும் காயையும் பார்த்து உறவு சொன்னார்கள். இப்போது மரபணுவும் சாட்சி சொல்கிறது. அதை வைத்துத்தான் 2017-இல் ரோஸ்மேரியை, சேஜ் இருக்கும் சால்வியா பேரினத்தில் சேர்த்தார்கள். 2019-இல் பிளெக்ட்ராந்தஸிலிருந்து கோலியஸ் மறுபடியும் தனிப் பேரினமானது. ‘ஃபோர்ஸ்கோலி’ என்ற பெயருக்கு உரிய ஃபோர்ஸ்கோல், தாவரவியலார் லின்னேயஸின் மாணவர்; 1763-இல் ஏமனில் மலேரியா கண்டு இறந்தவர். செடியின் பெயரிலிருந்து அவர் போய்விட்டார். கம்பெனிகள் கிழங்கை வாங்குவதே ‘ஃபோர்ஸ்கோலின்’ என்ற வேதிப்பொருளுக்காக என்பதால், அதில் மட்டும் தங்கிவிட்டார்.

பெயர் மாறட்டும். பழைய பெயரை மறைப்பதுதான் தவறு. வேரில் நூற்புழு முடிச்சு விழுந்தால் விவசாயியின் மகன் செல்போனில் தேடுவான். எந்தப் பெயரைத் தட்டுகிறானோ, பெரும்பாலும் அந்தப் பெயரில் எழுதியதுதான் வரும். மற்ற இரண்டு பெயர்களில் இருக்கும் ஆராய்ச்சி அவன் கண்ணில் படாமலே போகும்.

நிலம் கைமாறினாலும் மூலப் பத்திரத்தை யாரும் தூக்கி எறிவதில்லை. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலும், இன்றைய பெயருக்குக் கீழே பழைய பெயர்களை வரிசையாகத் தருகிறது. அதே வழக்கம் ஒப்பந்தத்துக்கும், நாற்று ரசீதுக்கும், வேளாண் கையேட்டுக்கும் வரவேண்டும்: தமிழ்ப் பெயர், இன்றைய அறிவியல் பெயர், பழைய பெயர்கள். கூடுதலாக இரண்டு வரி அச்சடிப்பதில் எந்தக் கம்பெனியும் நொடித்துவிடாது.

அதுவரை, அறிவியல் பெயர் மட்டும் போட்ட தாளைக் கொண்டுவருகிறவர்களிடம், “தமிழ்ப் பெயரையும் எழுதி வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்றுதான் சொல்லி அனுப்புகிறேன்.