நள்ளிரவில் கெண்டைக்கால் இழுத்தால்...

1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் வாலிநோக்கத்தில் இருக்கின்றன. பகலெல்லாம் வெயிலில் நின்று உப்பு வாரிய கால், இரவில் சுண்டி இழுக்கும்போது எப்படி இருக்கும்! பாதயாத்திரை போய் வந்த காலுக்கும், கல்யாண வீட்டில் ஓடியாடிய காலுக்கும் இதே கதிதான்.

'நரம்பு இழுத்துக்கொண்டது' என்கிறோம். உண்மையில் இறுகிப்போவது களைத்த தசை. உடனே முழங்காலை மடக்காமல் காலை நீட்டி, பாதவிரல்களை உங்கள் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். இறுக்கம் தளர்ந்ததும் இதமாகத் தடவி விடுங்கள்.

வராமல் தடுக்கவும் வழி உண்டு. படுக்கப் போகுமுன் சுவரில் கைகளை ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல், சற்று முன்னே சாய்ந்து நில்லுங்கள். இவ்விதம் தினமும் தசையை நீட்டிய முதியோருக்கு இழுப்பு குறைந்ததாக, 2012-ல் வெளியான ஹாலந்து நாட்டு ஆராய்ச்சி ஒன்று சொல்கிறது.

வேர்க்க உழைத்த நாளில் நீராகாரமோ, உப்பிட்ட மோரோ தாராளமாகக் குடிக்கலாம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இழுப்புக்கென்று கொயினா மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்குவது ஆபத்து. அடிக்கடி இழுத்தாலோ, கால் வீங்கினாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நம் வீட்டுச் சோற்றுக்கு உப்பு தரும் கால்களுக்கு, இரவில் நிம்மதியான தூக்கமாவது வேண்டாமா?