இறந்தகாலம் விற்பனைக்கு

நம் இளைஞரிடையே கொரியப் பொப் பாடல்கள் பெற்றுள்ள செல்வாக்குக் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. அந்நியப் பண்பாடு நம் பிள்ளைகளைக் கெடுக்கின்றது என்பர் ஒரு சாரார். பொழுதுபோக்கில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. கேட்போம், ஆடுவோம், மறப்போம் என்பர் மறுசாரார். கந்தளாயிலே சிங்கள மாணவியும் முஸ்லிம் மாணவியும் தமிழ் மாணவியும் ஒரே கொரியப் பாடலை முணுமுணுக்கக் கேட்டிருக்கும் எனக்கு இவ்விரு கருத்துகளும் உடன்பாடல்ல. மொழியாலும் பாடசாலையாலும் பிரிந்து வாழும் மூவரை ஒரு பாட்டு ஒரு கணமேனும் சேர்த்து வைக்குமாயின், அதனைச் சீரழிவு என்பது அறியாமை. ஆயின், அப்பாட்டு நமக்கு எதனை விற்கின்றது என்று கேளாதிருப்பதும் அறியாமையே.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். டி-ஆரா என்னும் மகளிர் குழு 2011 ஜூன் மாதத்தில் ‘ரோலி-போலி’ என்ற பாடலை வெளியிட்டது. அவ்வாண்டிலே தென்கொரியாவில் மிகுதியாக விற்பனையான பாடல்களுள் அதுவும் ஒன்று. பாட்டின் இசை பழைய டிஸ்கோ இசை. அதற்கென எடுக்கப்பட்ட படமோ ஒரு சிறு கதைப்படம் போல நீள்வது. எழுபதுகளையும் எண்பதுகளையும் நினைவூட்டும் உடைகள், சிகையலங்காரம், சுழலும் வண்ண விளக்குகள், நடனக் கூடம், இளம் பெண்களின் தோழமை, சிரிப்பு ஆகியன அதில் நிறைந்துள்ளன. பார்ப்பவர் உள்ளம் துள்ளும். என் உள்ளமும் துள்ளியது. அதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

அந்தக் காலத்துக் கொரியா எத்தகையது? நள்ளிரவு முதல் அதிகாலை நான்கு மணிவரை ஊரடங்கு 1982 ஜனவரி வரை பெரும்பாலான இடங்களில் நீடித்தது. இளைஞரின் தலைமயிர் நீளத்தையும் பெண்களின் பாவாடை உயரத்தையும் எழுபதுகளிலே பொலிசார் வீதியில் நின்று அளந்தனர். 1975இல் நூற்றுக்கணக்கான பாடல்கள் தடைசெய்யப்பட்டன. நடனக் கூடத்துக்குச் செல்லும் வயதிலிருந்த கிராமத்துப் பெண்கள் பல்லாயிரவர் தையல், நெசவு, பொய்மயிர்த் தொழிற்சாலைகளில் உழைத்தனர். அவர்தம் உழைப்பு நிலைமையைக் கண்டு பொறாது, சட்டம் காக்கப்பட வேண்டும் எனக் கோரி, 1970 நவம்பர் 13ஆம் திகதி சியோல் நகரிலே தன்னுடலுக்குத் தீயிட்டு மாண்டான் சொன் தே-இல் என்னும் இருபத்திரண்டு வயதுத் தையல் தொழிலாளி. 1979 ஆகஸ்டில், மூடப்பட்ட பொய்மயிர்த் தொழிற்சாலையொன்றின் பெண்கள் எதிர்க்கட்சித் தலைமையகத்தில் அமர்ந்து போராடினர். பொலிசார் உட்புகுந்தபோது கிம் கியோங்-சுக் என்னும் இளம் தொழிலாளி உயிரிழந்தாள். 1980 மே மாதத்தில் குவாங்ஜு நகரில் மக்கள் எழுச்சியை இராணுவம் குருதியில் அடக்கியது.

ஒரு நடனப் பாட்டு இவையனைத்தையும் சுமக்க வேண்டுமா என வினவலாம். வேண்டியதில்லை. எனது குற்றச்சாட்டு அதுவன்று. அக்காலத்தின் உடையையும் ஒளியையும் ஒலியையும் எடுத்துக்கொண்டு, அக்காலத்தின் அச்சத்தையும் உழைப்பையும் மட்டும் கவனமாகக் களைந்துவிட்டு, எஞ்சியதற்கு ‘அந்த நாள்’ என்று பெயரிடுவதே என் எதிர்ப்புக்குரியது. தொழிற்சாலைப் பெண் தைத்த உடை திரையில் மின்னுகின்றது. தைத்தவள் திரைக்கு வரவில்லை. இறந்தகாலத்தின் தூசைத் துடைப்பதாகச் சொல்லி அதில் வாழ்ந்த மனிதரையும் சேர்த்துத் துடைத்துவிடுகின்றனர். ஆடிய பெண்கள்மீது எனக்கு வழக்கில்லை. பாட்டையும் உடையையும் காலத்தையும் தெரிவு செய்வது அவர்களல்லர், நிறுவனமே.

இலேசான கலையில் இது இயலாது என்பாருக்கு விடை அதே கொரியாவில், அதே 2011ஆம் ஆண்டிலேயே உண்டு. அவ்வாண்டில் வெளிவந்த ‘சன்னி’ என்ற திரைப்படமும் எண்பதுகளின் பள்ளித் தோழியர் கதையே. நகைச்சுவை நிறைந்தது, டிஸ்கோ இசையும் உண்டு. ஆயினும், தோழியர் தம் எதிரணியுடன் வீதியில் மோதும் காட்சியிலே, ஆர்ப்பாட்டக்காரரும் கலகமடக்கும் பொலிசாரும் அவர்களைச் சூழ மோதுகின்றனர். சிரிப்புக்கு ஊடே காலம் தன் முகத்தைக் காட்டிவிடுகின்றது. ஆகவே, மறைத்தல் கலையின் கட்டாயமன்று. அது வணிகத்தின் வசதி.

இதனால் நமக்கென்ன என்பீராயின், நம் வீட்டைத் திரும்பிப் பாருங்கள். எழுபதுகளிலே இலங்கையில் தமிழ்ப் பொப் இசை செழித்திருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. அது இன்றும் திருமண வீடுகளில் ஒலிக்கின்றது. ஆனால் அந்த இசையை வளர்த்த மேடைகள், வாத்தியக் குழுக்கள், வானொலி, அவற்றைச் சிதறடித்த 1983 ஆகியவற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நாளை ஒருவர் எண்பதுகளின் கந்தளாயை வைத்து ஒரு ‘பழைமை’ப் பாடற்படம் எடுப்பதாகக் கொள்வோம். குளக்கட்டு, மாலை வெயில், மிதிவண்டி, கரும்புத் தோட்டம், பூப்போட்ட சட்டை எல்லாம் அழகாகவே அமையும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் அக்குளம் உடைத்துப் பாய்ந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது அதில் இருக்குமா? தொண்ணூறுகளில் மூடுண்ட சீனி ஆலையின் தொழிலாளர் இருப்பாரா? 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த காலந்தொட்டு இந்நாட்டின் கிராமங்களிலிருந்து தைக்கப் போன பெண்கள் இருப்பாரா? போரினால் ஊர்விட்டுப் போனோர் இருப்பாரா? இல்லையெனின், அப்படத்தைக் கண்டு கைதட்டும் நம் பிள்ளைகள், தாம் பிறந்த ஊரிலேயே உல்லாசப் பயணிகளாவர்.

நண்பர்களே, பாட்டைத் தடை செய்யச் சொல்லவில்லை. பாட்டைத் தடைசெய்தோரின் வரலாற்றை மேலே கண்டோம். கேளுங்கள், ஆடுங்கள். ஆனால், அந்நாளில் ஆடாதிருந்தவர் யார், ஏன் என்றும் கேளுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அக்காலத்தில் பாடியவரையும் தைத்தவரையும் குளம் உடைந்த இரவில் விழித்திருந்தவரையும் தேடி, அவர் சொல்வதை எழுதி வையுங்கள். நாம் எழுதாது விடும் இறந்தகாலத்தை வேறொருவர் தமக்கு வேண்டியவாறு வெட்டித் தைத்து நமக்கே விற்பார். நாமும் விலைகொடுத்து வாங்குவோம்.