குடல் அழற்சி நோய் இருந்தா சிசேரியன்தான் ஒரே வழியா? டெலிவரிக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

“குடல்ல புண்ணுன்னு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடுற. உனக்கு எதுக்கு நார்மல் டெலிவரி ரிஸ்க்? பேசாம ஆபரேஷன் பண்ணிக்கோ.” கிரோன் நோயோ, அல்சரேட்டிவ் கொலைடிஸோ இருக்கும் ஒரு பெண் கர்ப்பமானதும், வீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வது சகஜம். சொல்பவர்களுக்கு அக்கறைதான். ஆனால், மருத்துவம் என்ன சொல்கிறது?

சுருக்கமான பதில்: இந்த நோய் உள்ள பெரும்பாலானவர்களுக்கு சுகப்பிரசவம் சாத்தியம். சிலருக்கு மட்டும் சிசேரியன்தான் பாதுகாப்பு. அந்தச் ‘சிலர்’ யார் என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கு.

முதலில், எந்த நோய்?

ஐ.பி.எஸ், ஐ.பி.டி இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஐ.பி.எஸ்ஸில் வயிற்று வலி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு என்று தொந்தரவு இருக்கும். ஆனால் குடலில் புண் இருக்காது. பிரசவ முறையைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு இல்லை.

ஐ.பி.டி எனப்படும் குடல் அழற்சி நோய் வேறு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே குடலைத் தாக்குவதால் அழற்சி உண்டாகிறது. பெருங்குடலின் உட்புறத்தை மட்டும் பாதித்தால் அல்சரேட்டிவ் கொலைடிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், குடல் சுவரின் ஆழம் வரைக்கும் போனால் கிரோன் நோய். இரண்டுமே 20, 30 வயதுகளில் அதிகம் கண்டறியப்படுபவை. அதாவது, கல்யாணம், குழந்தை என்று திட்டமிடும் அதே வயசு.

தமிழ்நாட்டில் இது ஏன் முக்கியம்?

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய சராசரி 21.5 சதவீதம்தான். தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். எந்த நோயும் இல்லாத பெண்ணுக்கே ஆபரேஷன் சாதாரணமாகிவிட்ட இடத்தில், ‘குடல் பிரச்சினை’ என்ற இரண்டு வார்த்தையே போதுமான காரணமாகிவிட வாய்ப்பு அதிகம்.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. ஆசனவாய்ப் பக்கம் பௌத்திரமோ, சீழ்க்கட்டியோ இருந்தும், வெட்கத்தால் அதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பவர்கள். உண்மையிலேயே சிசேரியன் தேவைப்படுபவர்கள் இவர்கள்தான்.

யாருக்கு சிசேரியன்?

குடல் நோய் காரணமாக சிசேரியனைப் பரிந்துரைப்பது முக்கியமாக இரண்டு சூழல்களில்.

ஒன்று, கிரோன் நோய் ஆசனவாயைச் சுற்றித் தீவிரமாக இருக்கும்போது. பௌத்திரத்தில் சீழ் வடிகிறது, கட்டி இருக்கிறது, புண் ஆறவில்லை என்றால், சுகப்பிரசவத்தில் அந்த இடத்தில் ஏற்படும் கிழிசல் எளிதில் ஆறாது. நோய் இன்னும் மோசமாகலாம். மலத்தை அடக்கிவைக்கும் வட்டத் தசையும் பாதிக்கப்படலாம்.

இரண்டு, பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலையே பை போல மடித்து ஆசனவாயோடு இணைத்திருப்பவர்கள். ‘பவுச்’ ஆபரேஷன் என்பார்கள். இவர்களுக்குப் பெருங்குடல் இல்லாததால் மலம் இளகித்தான் வரும். அதைக் கட்டுப்படுத்துவது முழுக்க அந்த வட்டத் தசைதான். பிரசவத்தில் அது சேதமானால் வாழ்நாள் முழுக்கச் சிரமம். அதனால் சிசேரியன் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். இது கட்டாய விதி இல்லை. அறுவை சிகிச்சை நிபுணரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

மற்றவர்களுக்கு? நோய் கட்டுக்குள் இருந்தால், குழந்தையின் நிலை, எடை, தாயின் ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான மகப்பேறு காரணங்களே பிரசவ முறையைத் தீர்மானிக்கும். எப்போதோ வந்து முழுசா ஆறிப்போன பௌத்திரம் இருந்தாலும், பரிசோதித்துப் பார்த்துவிட்டு சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். வயிற்றில் ஸ்டோமா பை வைத்திருக்கும் பெண்களுக்கும் சுகப்பிரசவம் நடக்கிறது.

‘சேஃப்டிக்கு ஆபரேஷன்’ உண்மையில் சேஃப்டியா?

சிசேரியன் என்பது ஒரு வயிற்று அறுவை சிகிச்சை. கிரோன் நோயாளிகளில் பலருக்கு வாழ்க்கையில் எப்போதாவது குடல் ஆபரேஷன் தேவைப்படலாம். ஒவ்வொரு முறை வயிற்றைத் திறக்கும்போதும் உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். அது அடுத்த ஆபரேஷனைக் கடினமாக்கும்.

ரத்தம் உறைதல் இன்னொரு கவலை. கர்ப்பம், குடல் அழற்சி, அறுவை சிகிச்சை மூன்றுமே கால் நரம்புகளில் ரத்தக்கட்டி உருவாகும் அபாயத்தைக் கூட்டுபவை. மூன்றும் சேரும்போது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி தேவையா என்று டாக்டர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

தேவைப்படும் இடத்தில் சிசேரியன் பெரிய வரம். தேவையில்லாத இடத்தில் அது இன்னொரு தழும்பு, இன்னொரு ரிஸ்க்.

எப்போது முடிவெடுப்பது?

கர்ப்பத்துக்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது. நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரித்தால், கர்ப்ப காலமும் அமைதியாகப் போக வாய்ப்பு அதிகம். நோய் தீவிரமாக இருக்கும்போது கருத்தரித்தால், குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய அபாயங்கள் கூடும்.

இங்கேதான் பலர் தப்பு பண்றாங்க. ‘மாசமா இருக்கும்போது மாத்திரை ஆகாது’ என்று மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். மெசலமைன், ஏற்கெனவே எடுத்துவரும் அசதியோபிரின் போன்றவற்றைப் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். மெத்தோட்ரெக்சேட் அப்படியல்ல. அது கருவைப் பாதிக்கும். கருத்தரிக்கும் முன்பே, சில மாதங்கள் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதை உங்கள் குடல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருந்தை விட்டு நோய் திரும்பினால், சுகப்பிரசவத்துக்கான வாய்ப்பும் குறையலாம்.

கடைசி மூன்று மாதங்கள் தொடங்கும்போது, ஆசனவாய்ப் பகுதியை ஒருமுறை நேரடியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டை வைத்து மட்டும் பிரசவ முறையை முடிவு செய்ய முடியாது.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

• என் நோய் இப்போ அடங்கி இருக்கா? ஆசனவாய்ப் பகுதியில் பாதிப்பு இருக்கா?

• சிசேரியன் என்றால், காரணம் என் குடலா, குழந்தையின் நிலையா?

• சுகப்பிரசவம் என்றால், கீறல் போடுவதைத் தவிர்க்க முடியுமா? தவிர்க்க முடியாவிட்டால் ஆசனவாயை விட்டு விலகிப் போடுவீர்களா?

• ஏற்கெனவே குடல் ஆபரேஷன் ஆகியிருப்பதால், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை நிபுணர் பக்கத்தில் இருப்பாரா?

• என் குடல் மருத்துவரும் நீங்களும் ஒருமுறை பேசிக்கொள்ள முடியுமா?

குழந்தை பிறந்ததும் ஒரு விஷயம்

இந்தியாவில் பிறந்தவுடனே பி.சி.ஜி தடுப்பூசி போட்டுவிடுவார்கள். காசநோய்க்கு எதிரான அந்த ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி, வீரியம் குறைக்கப்பட்டது. தாய் இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ‘பயாலஜிக்’ ஊசிகளைக் கர்ப்ப காலத்தில் எடுத்திருந்தால், அந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் உடலுக்கும் போயிருக்கும். சில மாதங்கள் தங்கவும் செய்யும். அந்த நேரத்தில் பி.சி.ஜி போட்டால் அதிலுள்ள கிருமியே குழந்தையின் உடலில் பரவலாம். அப்படி ஒரு பச்சிளம் குழந்தை இறந்தது 2010இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

எனவே, சொட்டு மருந்து உட்பட உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்துகளை எப்போது கொடுப்பது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டு, கோப்பில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிரசவ வார்டு நர்ஸுக்கு உங்கள் ஊசி பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மற்ற தடுப்பூசிகளை வழக்கம்போலப் போடலாம்.

முடிவு யாருடையது?

நல்ல நேரம் பார்த்து சிசேரியன் தேதி குறிக்கும் வீடும் உண்டு. ‘எங்க காலத்துல வீட்டுலயே பெத்தோம்’ என்று சுகப்பிரசவத்துக்கு நெருக்கும் வீடும் உண்டு. இரண்டுக்கும் நடுவில், பவுச்சோடும் பௌத்திரத்தோடும் அடுத்த 40 வருஷம் வாழப்போவது அந்தப் பெண். குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி, இரண்டு டாக்டர்களிடமும் அவர் கூச்சமில்லாமல் பேச உடன் போவது. கேட்ட கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு, எந்த முறையை அவர் தேர்ந்தெடுத்தாலும் கூட நிற்பது.