அப்பாவின் பழைய ஹெல்மெட்

போன மாதம் மஸ்ஜித் தானா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் அப்பா உட்கார்ந்து தம் பழைய ஹெல்மெட்டைத் துடைத்துக் கொண்டிருந்தார். ஸ்டிக்கர் பசை போகவில்லையாம். துணியில் பெட்ரோலைத் தோய்த்துத் தேய்க்கிறார்.

"யாருக்குப்பா இது?"

"பேரனுக்குத்தாம்மா. பள்ளிக்கூடத்துக்கு நான்தானே ஏத்திட்டுப் போறேன். எனக்குப் புதுசு இருக்கு. இத அவன் போட்டுக்கட்டும்."

நான் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கியது அது. வெயிலில் நிறம் வெளுத்துப் போயிருந்தது. "பழசாச்சேப்பா" என்றேன். "நல்ல கடையில வாங்கினது. சிரிம் ஸ்டிக்கர் இன்னும் இருக்கு, பாரு" என்றார்.

ஸ்டிக்கர் இருந்தது உண்மைதான். ஆனால், அந்த ஸ்டிக்கர் நமக்கு என்ன உறுதி கொடுக்கிறது? அன்றிரவு அதைத்தான் தேடிப் படித்துக் கொண்டிருந்தேன்.

மலேசியாவில் 1973-ஆம் ஆண்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். நம் நாட்டுத் தர நிர்ணயங்களில் 'எம்.எஸ். 1' என்ற முதல் எண்ணே ஹெல்மெட்டுக்குக் கொடுக்கப்பட்டதுதான். அதன் 2011 பதிப்பு, ஐ.நா.வின் 22-ஆவது வாகன விதிமுறையை ஒட்டியது.

அந்த விதிமுறைப்படி சோதனை எப்படி நடக்கும் தெரியுமா? உலோகத்தால் ஆன ஒரு செயற்கைத் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி, எஃகுப் பட்டறை மேல் விழ வைப்பார்கள். மோதும் வேகம் விநாடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒன்பதரை அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தட்டையான பட்டறையும் உண்டு, சாலையோரக் கல்விளிம்பு போன்ற பட்டறையும் உண்டு. உள்ளே இருக்கும் கருவி, தலை எவ்வளவு வேகமாக நிறுத்தப்பட்டது என்று பதிவு செய்யும். அந்த அதிர்ச்சி புவியீர்ப்பின் 275 மடங்கைத் தாண்டினால் ஹெல்மெட் தோல்வி.

சில ஹெல்மெட்டுகளை 50 டிகிரி வெப்பத்தில் வைத்து எடுத்துச் சோதிப்பார்கள். சிலவற்றை மைனஸ் 20 டிகிரி குளிரில் வைப்பார்கள். சிலவற்றின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, தண்ணீரும் தெளிப்பார்கள். ஏனென்றால் பிளாஸ்டிக்கின் குணம் நிலைக்கு ஏற்ப மாறும். மெதுவாக வளைத்தால் வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக்கே, சட்டென்று அடித்தால் கண்ணாடி போல் உடையலாம்.

அதனால் ஹெல்மெட்டாக வார்ப்பதற்கு முன்பே மூலப்பொருளையும் அடித்துப் பார்ப்பார்கள். 'ஐசாட் சோதனை' நூறு ஆண்டுக்கு மேல் பழையது. ஒரு சிறு பிளாஸ்டிக் பட்டையை நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டு, ஊஞ்சல் போல் ஆடி வரும் சுத்தியலால் அடிப்பார்கள். பட்டையை உடைத்த பிறகு சுத்தியல் மறுபக்கம் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்ப்பார்கள். உயரம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு சக்தியைப் பட்டை வாங்கிக்கொண்டது என்று பொருள்.

அடிக்கும் முன் அந்தப் பட்டையில் வேண்டுமென்றே 2 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு வெட்டுப் போடுவார்கள். மசாலா பாக்கெட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் எவ்வளவு சுலபமாகக் கிழிகிறது! பிளாஸ்டிக்கும் அப்படித்தான். விசை முழுவதும் வெட்டின் முனையில் போய்க் குவியும். ஹெல்மெட்டில் உள்ள ஆழமான கீறலும் இதே வேலையைச் செய்யக்கூடும்.

பால்மரம் வெட்டிய அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஒரு விஷயம் சொன்னேன். நம் ஊரில் பல ஹெல்மெட்டுகளின் ஓடு ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் கெட்டிப் பகுதி தனியாக இருந்தால் முறுக்கு மாதிரி நொறுங்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துகள்கள் கலந்திருப்பதால்தான் அடியைத் தாங்குகிறது. அது மரத்துப் பால் அல்ல, செயற்கை ரப்பர். ஆனால் வெயிலில் காய்ந்தால் அந்த ரப்பரும் கெட்டுப்போகும். பிறகு ஓடு நொறுங்கத் தொடங்கும். பெட்ரோல், தின்னர் போன்றவை இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கிவிடும்.

அப்பா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

ஓடு பாதி வேலைதான் செய்கிறது. மீதி வேலை உள்ளே இருக்கும் வெள்ளை நுரைக்கு. தேங்காயைச் சிமெண்டுத் தரையில் போட்டால் உடையும், மணலில் போட்டால் தப்பிக்கும். நுரை நசுங்கித் தலைக்கு மணலாகிறது. நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தருகிறது. ஆனால் ஒருமுறை நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. விபத்தில் அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் கதை முடிந்தது.

ஆக, சிரிம் ஸ்டிக்கர் சொல்வது இதுதான்: இந்த வகை ஹெல்மெட் புதிதாக இருந்தபோது சோதனையில் தேறியது. பத்து வருட வெயிலுக்கும், கீழே விழுந்த தடவைகளுக்கும், பெட்ரோல் துணிக்கும் அது பொறுப்பேற்காது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர்கள் பலர் அறிவுறுத்துவது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. 27 கிலோமீட்டரில் சோதித்த ஹெல்மெட், 100 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மரத்தில் மோதினால் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அதற்காக வேண்டாம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் அணிவது மரண அபாயத்தை ஏறக்குறைய 42 விழுக்காடும், தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று தெரிய வந்தது. நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான்.

அல்லூர் காஜாவுக்கோ சுங்கை ஊடாங்குக்கோ கிளம்பும்போது நாம் ஹெல்மெட் போடுகிறோம். பள்ளிக்கூடம் பக்கம்தானே, கடை பக்கம்தானே என்னும்போது விட்டுவிடுகிறோம். பிள்ளைக்குப் பெரியவர் ஹெல்மெட்டை மாட்டி, வாரையும் பூட்டாமல் உட்கார வைக்கிறோம். பூட்டாத ஹெல்மெட் தலை தரையைத் தொடும் முன்பே கழன்று பறந்துவிடும். தலையை ஆட்டும்போது அசையாமல் பொருந்துவதுதான் சரியான அளவு.

மறுநாள் பேரனைக் கடைக்கு அழைத்துப் போய், அவன் தலைக்குச் சரியாகப் பார்த்து வாங்கினோம். நூறு வெள்ளி கூட ஆகவில்லை. அப்பா பழையதைக் குப்பையில் போடப் போனார். "இருங்கப்பா, வாரை வெட்டிட்டுப் போடுங்க. யாராவது எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிடப் போறாங்க" என்றேன்.

பால் வெட்டிய பழைய கத்தியை எடுத்து வந்து அவரே வெட்டினார்.

இந்த வாரம் உங்கள் வீட்டு வாசலில் தொங்கும் ஹெல்மெட்டையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே தேதி போட்டிருக்கும்.