நிமித்தம் பார்த்தலும் சைவநெறியும்

பல்லி சொல்லுக்குப் பலன் தேடியும், பூனை குறுக்கிடின் வீடு திரும்பியும், எதிர்ப்படுவோர் யாவரென நோக்கியும் வினை தொடங்குவோர் திருநீறணிந்த சைவருள்ளும் பலராவர். இவர் பழைமையைத் துணையாகக் கொள்வர். விரிச்சி கேட்டல் முல்லைப்பாட்டில் உண்டு. திண்ணனார் காளத்தியிற் புள்நிமித்தம் கண்டு கலங்கினாரெனப் பெரியபுராணம் கூறும். ஆதலின் நிமித்தம் நோக்கல் சைவத்துக்கு உடன்பாடே என்பது அவர் கூற்று.

இக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. பழந்தமிழ் நூலிற் காணப்படுதல் பற்றியே ஒரு வழக்கம் வீட்டுநெறிக்கு உரியதாகிவிடாது. திண்ணனாரோ நிமித்தத்தைத் தேடிச் சென்றவரல்லர். கண்டபின் தமக்கு வருவதை அஞ்சி மீண்டவருமல்லர். இறைவற்கு யாதாயிற்றோ என்று விரைந்தோடியவர். தம்முயிர்க்கு அஞ்சித் திரும்புவோர் அவரைச் சான்று காட்டுதல் எங்ஙனம் பொருந்தும்?

இறைவன் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று. உயிர் உலக நுகர்ச்சியிற்பட்டுப் பிராரத்தத்தைக் கழித்து மலபரிபாகம் எய்துதற்பொருட்டு நிகழும் அம்மறைப்பும் அருளேயாம். அதனைப் பல்லி கொண்டும் கிளி எடுக்கும் சீட்டுக் கொண்டும் விலக்கப் புகுதல் பேதைமையன்றோ? மேலும், வருவினை நுகர்ந்தே தீரவேண்டுவதாயின் முன்னறிதலாற் பயனில்லை. இறைவனருளால் நீங்குவதாயின் செய்யற்பாலது வழிபாடேயாம். இருவழியும் நிமித்தத்துக்கு வேலையில்லை. திருமறைக்காட்டில் நாவுக்கரசர் கோள்நிலை நன்றன்றெனத் தடுத்தபோது, ஞானசம்பந்தர் நன்னாள் தேடிக் காத்திருந்தாரல்லர். கோளறு பதிகம் அருளி மதுரைக்கு எழுந்தருளினார்.

திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தல் பெரியோர் கொண்ட வழக்கமன்றோவெனின், அது வேறு. பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மகப்பேறு வேண்டியபோது சகலாகம பண்டிதர் அங்ஙனம் பார்க்க, திருவெண்காட்டுப் பதிகம் கிடைத்தது. களப்பாளர் ஆண்டுச் சென்று முக்குள நீராடி வழிபட, மெய்கண்டார் திருவவதாரம் செய்தார் என்பது வரலாறு. ஆண்டுப் பெறப்பட்டது வருங்காலச் செய்தியன்று. வழிபடுமாறு வந்த ஆணை. வழக்கு வெல்லுமோ, வாணிகம் பெருகுமோ என்று திருமுறையிற் கயிறு இடுவோர் அருள்நூலைக் குறிசொல்லும் கருவியாக்குகின்றனர்.

இவை யாவற்றினும் கொடிது, கணவனை இழந்த மகளிரைத் தீநிமித்தமென ஒதுக்குதல். மணம் பேசிய கலிப்பகையார் போரில் மடிய, மங்கலவணி துறந்து தவநெறி நின்றவர் திலகவதியார். அவர் திருக்கையால் திருநீறு பெற்றன்றோ நாவுக்கரசர் சைவத்துக்கு மீண்டார்! அவ்வம்மையாரைத் திருக்கோயிலில் வணங்கி, அவர்போன்றார் தெருவில் எதிர்வரக் கண்டு வீட்டுக்குள் மறைபவர் வணங்கியது எதனை? அவ்வச்சத்தை விட்டு, சிவனை நினைந்து அடியெடுத்து வைப்பதே சைவர் கடன்.