உணர்வற்ற காலில் எரியும் வலி

தென்னை ஏறுகிறவர் தவறி விழுந்தால் தண்டுவடம் அடிபடலாம் என்பதை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தோப்புகளில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பின் வரும் வலியைத்தான் பலர் அறிவதில்லை. தொட்டாலும் தெரியாத கால் ராத்திரியில் தீயாய் எரியும். தண்டுவடம் அடிபட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த நரம்பு வலி உண்டு. "உணர்ச்சியே இல்லாத காலில் ஏதுப்பா வலி?" என்று வீட்டாரே கேட்டுவிடுகிறார்கள். காபாபென்டின், பிரிகாபாலின் மாத்திரைகள் எல்லோருக்கும் கேட்பதில்லை. சிலருக்குக் கிறக்கம்தான் மிச்சம். 2006இல் வெளியான ஓர் ஆய்வு வேறு வழி காட்டியது. உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகளைத் தலையில் பொருத்தி, 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைத் தினம் 20 நிமிடம் வீதம் 5 நாள் செலுத்தினார்கள். கத்தியில்லை, மயக்கமருந்தில்லை. வலி குறைந்தது. ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் 17 பேர்தான். பின்வந்த ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆகவே தனியார் இதைக் காசாக்க இப்போதே விடக்கூடாது. 2022இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி முறையாகச் சோதித்துப் பார்க்கட்டும். தண்டுவடம் அடிபட்ட ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காக ஆய்க்குடியில் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கத்தின் அனுபவமும் அதில் சேரட்டும். பலன் உறுதியானாலும், இதற்காகச் சக்கர நாற்காலிக்காரர் ராஜபாளையத்திலிருந்து தினமும் மதுரைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போய்வர முடியாது. சிகிச்சை தாலுகா ஆஸ்பத்திரிக்கே வரவேண்டும். அதுவரை, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் கை, காலை அசைத்துப் பார்ப்பதோடு நிற்காமல், "ராத்திரி எரியுதா அண்ணே?" என்று கேட்டு, வரும் பதிலை நம்பிக் குறித்துக்கொள்ளலாம்.