பிஷ்கெக் பக்கங்கள் – 9: ஒரு சோம், ஒரு ரூவா

கிர்கிஸ்தான்ல படிக்கிறேன்னு சொன்னா, எங்க ஆரம்பிச்சாலும் பேச்சு கடைசியில ஒரே கேள்வியில வந்து நிக்கும். "மாசம் எவ்ளோ ஆகும்?" இந்த வாரம் மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க. ரெண்டு பேர் சும்மா கேட்டது. மூணாவது எங்க ஊர்ப் பையன். மருத்துவம் படிக்க இங்க அனுப்பலாம்னு அவங்க அப்பா அரை ஏக்கரை விலை பேசி வச்சிருக்கார். அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லியிருக்கார். ஏஜெண்ட் குடுத்த தாள்ல தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து மாசம் பத்தாயிரம் ரூபாய்னு போட்டிருக்காம். அதனால இந்த வாரம் மலை, ஏரி, குதிரை எல்லாத்துக்கும் லீவு. வெறும் காசுக் கணக்குதான்.

மொதல்ல நல்ல சேதி. இங்க நாணயம் சோம். 1993 மே மாசம் ரூபிளைக் கழட்டிவிட்டுட்டு கொண்டு வந்தது. சில வருஷமா ஒரு டாலருக்கு 87 சோமைச் சுத்தியே நிக்குது. நம்ம ரூபாயும் அந்தப் பக்கம்தான் சுத்திட்டிருக்கு. ஆக, ஒரு சோம்னா ஏறக்குறைய ஒரு ரூவா. லண்டன்ல இருக்கற நம்ம மக்கள் மாதிரி நூறால பெருக்கிப் பாத்துட்டு காபியைக் கீழ வைக்கற பொழப்பு இங்க இல்ல.

வம்பும் அங்கதான் ஆரம்பிக்குது. விலைச்சீட்டு நம்ம ஊரு மாதிரியே இருக்கறதால, செலவும் நம்ம ஊரு மாதிரிதான் ஆகும்னு மனசு தானா முடிவு பண்ணிடுது. அந்த ஏஜெண்ட் தாளும் அந்த நம்பிக்கையில அச்சடிச்சதுதான். ஒரு வெளிநாட்டுக்காரனோட பெரிய செலவு எதுவுமே சோம்ல இல்லங்க.

வாடகையை எடுத்துக்கோங்க. வீட்டுக்காரம்மா டாலர்லதான் சொல்லுவாங்க. 2022 செப்டம்பர் 21-ஆம் தேதி புடின் படைக்கு ஆள் திரட்டறதா அறிவிச்சார். அடுத்த நாள்ல இருந்து ரஷ்யாவுல இருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மூட்டை கட்டிட்டு அல்மாட்டி, தாஷ்கண்ட், பிஷ்கெக்னு வந்து இறங்கினாங்க. வந்தவங்க நிறைய பேர் கம்ப்யூட்டர் வேலைக்காரங்க, கையில காசு இருந்தது. முந்நூறு டாலருக்குப் போன ஒத்தை ரூம் வீடு எல்லாம் ஐநூறு, அறுநூறுன்னு ஏறிடுச்சு. இதுல நொந்தது நம்மளை விட உள்ளூர்ப் பசங்கதான். என் வகுப்புல நாரின்ல இருந்து வந்த பொண்ணு ஒருத்தி இருக்கா. அப்ப அவ இளங்கலை. மூணே நாள்ல வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். சொந்த நாட்டுத் தலைநகர்ல அத்தை வீட்டுத் தரையில படுத்துதான் ஒரு செமஸ்டரை ஓட்டியிருக்கா. வந்த ரஷ்யர்கள் பல பேர் அப்புறம் கிளம்பிட்டாங்க. வாடகை முழுசா பழைய இடத்துக்கு இறங்கி வரல.

இப்ப நாங்க மூணு பேர் ஒரு வீட்டுல இருக்கோம். அறுநூறு டாலர். ஆளுக்கு இருநூறு, அதாவது 17,500 சோம். உள்ள நுழையும்போதே முதல் மாச வாடகை, ஒரு மாச டெபாசிட், புரோக்கருக்கு அரை மாசம். ஆக ரெண்டரை மாசக் காசை எண்ணி வச்சாத்தான் சாவி. வெளிநாட்டுக்காரங்கன்னா முகவரி பதியணும், அதுக்கு வீட்டுக்காரங்க ஒத்துழைக்கணும். நாங்க கேட்டதுல ரெண்டு வீட்டுக்காரங்க "எல்லாம் சரி, ஆனா பதியறதுக்கு வரமாட்டோம்"னுட்டாங்க. பதியச் சம்மதிச்ச வீட்டுல இருபது டாலர் கூட. அந்த இருபது டாலர் எந்த ஏஜெண்ட் தாள்லயும் இருக்காது.

சாப்பாட்டுல கொஞ்சம் மூச்சு விடலாம், உள்ளூர்க்காரங்க மாதிரி சாப்பிட்டா. தந்தூர்ல சுட்ட வட்ட ரொட்டி முப்பது, முப்பத்தஞ்சு சோம், ஒண்ணு ரெண்டு பேருக்குக் காணும். ஆஷ்கானான்னு சொல்ற சாதா சாப்பாட்டுக் கடையில ஒரு தட்டு லக்மான் (நம்ம நூடுல்ஸோட பெரியண்ணன், கறியும் குழம்புமா) இருநூத்தம்பது சோமுக்குள்ள. வெயில் காலத்துல தெருமுனையில பீப்பாய் வச்சு மக்சிம் விப்பாங்க. தானியத்தை வேக வச்சுப் புளிக்க வச்ச பானம். மொத வாய் குடிச்சதும் ஆடி மாசக் கூழ் ஞாபகம் வந்தது, சின்ன வெங்காயம்தான் மிஸ்ஸிங்.

காய்கறிக்கு ஓஷ் பஜார். அங்க ரெண்டு வார்த்தை தெரிஞ்சா மாசம் ஆயிரம் சோம் மிச்சம். "கன்ச்சா?"ன்னா எவ்வளவு. (ச்-ஐ நல்லா அழுத்துங்க, இல்லன்னா நம்ம ஊர்ல போலீஸ் புடிக்கிற சரக்காயிடும்.) "கிம்பத்"னா விலை ஜாஸ்தி. அதை விடப் பெரிய தள்ளுபடி, கடைக்கார அம்மாவை "எஜே"ன்னு கூப்பிடறது. அக்கான்னு அர்த்தம். ஆம்பளைன்னா "பாய்கே", அண்ணே. ரஷ்ய மொழியில விலை கேட்டா ஒரு ரேட், எஜேன்னா இன்னொரு ரேட். மதுரையில பூக்காரம்மாகிட்ட நடக்கற அதே சங்கதி. பருப்புக்கு மாத்தா பீன்ஸ் இருக்கு. தலாஸ் பக்கம் மூட்டை மூட்டையா விளைஞ்சு வெளிநாட்டுக்கெல்லாம் போகுது, இங்க விலை கம்மி. ராஜ்மா மாதிரி ஊற வச்சு காரக்குழம்பு வச்சா வாரம் ரெண்டு நாள் ஓடிடும்.

நாக்கு ஊரை நினைச்சா பர்ஸ் காலி. உளுந்து, புளி, தேங்காய் எல்லாம் எங்கிருந்தோ வரணும். இந்தியக் கடையில உளுந்து விலையைப் பாத்துட்டு, இட்லியைப் பிறந்தநாளுக்கு மட்டும்னு வீட்டுல தீர்மானம் போட்டிருக்கோம். சைவக்காரங்க பாடு இன்னும் கஷ்டம். கறி போடாத சாப்பாடு கடையில அபூர்வம், ஜனவரியில தக்காளி வெயில் கால விலைக்கு நாலைஞ்சு மடங்கு.

குளிர்காலம்னா தனிக் கணக்கு. சோவியத் காலத்துக் கட்டடங்களுக்கு அனல்மின் நிலையத்துல இருந்து குழாய்ல சுடுதண்ணி வரும், சூடு நம்ம கையில இல்ல. 2024 பிப்ரவரி 2 அதிகாலையில அந்த நிலையத்துல விபத்தாகி ஊரே குளிர்ல உக்காந்த கதையை சீனியர்கள் இன்னும் சொல்றாங்க. பத்தலன்னா கரண்ட் ஹீட்டர். மாசம் 700 யூனிட் வரைக்கும் கரண்ட் சல்லிசு, தாண்டினா யூனிட் விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கோட்டும் பூட்ஸும் தோர்தோய் பஜார்ல, கப்பல் கண்டெய்னரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின கடைகள்ல, ஆறாயிரம் சோம்ல முடிச்சேன். சென்னையில வாங்கின ஜெர்க்கின் இங்க அக்டோபருக்கே காணாது.

இன்னொரு செலவு இருக்கு. 2024 மே 17 ராத்திரி வெளிநாட்டு மாணவர்கள் தங்கியிருந்த விடுதிகளைக் கும்பல் ஒண்ணு தாக்கினது ஞாபகம் இருக்கும். பாகிஸ்தான் பசங்க நிறைய பேர் அடிபட்டாங்க, நம்மாளுங்களை வெளிய வராதீங்கன்னு தூதரகம் சொல்லுச்சு. இன்னிக்கு ஊர் அமைதியாத்தான் இருக்கு, எஜேக்கள் தங்கமானவங்க. இருந்தாலும் இருட்டினப்புறம் பஸ் வேணாம், டாக்ஸியில வான்னு சீனியர்கள் சொல்லிக் குடுத்தது பழக்கமாயிடுச்சு. லைப்ரரியில இருந்து வீட்டுக்கு மாசம் ரெண்டாயிரம் சோம். அம்மாகிட்ட இதைப் புத்தகச் செலவுன்னு சொல்லியிருக்கேன்.

கூட்டிப் பாத்தா, வாடகை, சாப்பாடு, கரண்ட், போன், டாக்ஸி எல்லாம் சேர்த்து எனக்கு மாசம் 32,000ல இருந்து 35,000 சோம். ஹாஸ்டல்ல நாலு பேரோட தங்கி மெஸ்ல சாப்பிட்டா இருபதாயிரத்துல ஓட்டறவங்களும் இருக்காங்க. பத்தாயிரத்துல ஓட்டற ஒருத்தரையும் நான் பாத்ததில்ல. பையனோட அப்பாகிட்ட இதைத்தான் சொன்னேன். கூடவே இன்னொண்ணு. 2021 விதிப்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைஞ்சது 54 மாசம், அதுக்கு மேல அங்கேயே 12 மாசப் பயிற்சி. மொத்தம் 66 மாசம். மாசம் பத்தாயிரம் குறைச்சு எழுதினா ஆறு லட்சத்து அறுபதாயிரம் துண்டு விழும். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நீ சொன்னதை ஒரு தாள்ல எழுதி அனுப்பு தம்பி, அந்தாளுகிட்ட காட்டிக் கேக்கறேன்"னார். அனுப்பிட்டேன்.

யாராவது இந்தப் பக்கம் வர்றதா இருந்தா, டாலரைப் புது நூறு டாலர் நோட்டா, மடிப்பு இல்லாம கொண்டு வாங்க. பணம் மாத்தற கடைகள்ல சின்ன நோட்டுக்கும் கசங்கின நோட்டுக்கும் ரேட் கம்மி, பல கடையில வாங்கவே மாட்டாங்க. பெட்டியில இடம் இருந்தா குக்கர், ரெண்டு கிலோ உளுந்து. பெருங்காயம் மட்டும் ரெண்டு டப்பாவா எடுத்துட்டு வாங்க, ஒண்ணு எனக்கு :-)